சிறுதொழிலுக்கு விதை நெல்



கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்த நாட்களில் மாணவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுள் பெரும்பாலானவை தேர்வைப் பற்றியவை. சில, வேலையைப் பற்றியவை. அண்மை ஆண்டுகளில் புதிய கேள்வி ஒன்றும் அவற்றோடு சேர்ந்திருக்கிறது. "ஐயா, நாங்களே ஒரு தொழில் தொடங்கினால் அரசாங்கம் பணம் தருமாமே, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லையாமே, உண்மைதானா?" என்று கேட்கிறார்கள். உண்மைதான் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அவ்விடை அரை விடையே ஆகும். திருப்பித் தர வேண்டாத பணம் என்பது வேறு. பதிலுக்கு ஒன்றுமே தர வேண்டாத பணம் என்பது வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், இத்தகைய மானியம் ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம். நம் ஊரில் ஒருவர் மாவரைக்கும் ஆலை வைக்க எண்ணுகிறார் என்று கொள்ளுங்கள். வங்கிக்குச் செல்கிறார். வங்கி இயந்திரத்தையே ஈடாகக் கொண்டு கடன் கொடுக்கிறது. ஆலை ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வரவு வருகிறது. கடனும் மாதந்தோறும் அடைகிறது. மாவு அரைபடுமா, அரைபடாதா என்ற ஐயம் அங்கே எவருக்கும் இல்லை.

உயிரியல் துறையில் புதிதாகத் தொழில் தொடங்குவோரின் நிலை இத்தகையது அன்று. நோயைக் கண்டறியும் ஒரு புதிய சோதனை முறையையோ, ஒரு தடுப்பு மருந்தையோ, பயிருக்கு உதவும் ஒரு நுண்ணுயிரையோ உருவாக்க முனைகிறவரிடம் ஈடு வைப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு கருத்து இருக்கிறது. சோதனைக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான். உயிருள்ள பொருள்களோ எளிதில் நம் சொற்படி நடப்பவை அல்ல. சோதனைக் குழாயில் நடந்தது எலியினிடம் நடப்பதில்லை. எலியினிடம் நடந்தது மனிதனிடம் நடப்பதில்லை. மனிதரிடம் சோதித்துப் பார்க்கும் நிலைவரை வந்து சேர்ந்த மருந்துகளிலேயே ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் இறுதியில் விற்பனைக்கு உரிமம் பெறுகிறது. ஒரு மருந்து உருவாகிச் சந்தைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆவது இயல்பு.

இந்நிலையில் வங்கி கடன் கொடுக்கத் தயங்குவதைக் குற்றம் என்று கூறுவதற்கில்லை. அது பிறர் போட்டு வைத்த பணம். தனியார் முதலாளிகளோ, "முதலில் உன் கருத்து நடக்கக்கூடியது என்று காட்டு; பிறகு பணம் தருகிறோம்" என்கிறார்கள். காட்டுவதற்கே பணம் வேண்டும். சோதனையின் முடிவு இல்லாமல் முதல் இல்லை; முதல் இல்லாமல் சோதனை இல்லை. ஆய்வுக்கூடத்திற்கும் சந்தைக்கும் நடுவே கிடக்கும் இந்த வெற்றிடத்தை மேனாட்டார் 'மரணப் பள்ளத்தாக்கு' என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். நல்ல கருத்துகள் பல அங்கே விழுந்து மறைந்திருக்கின்றன.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1993ஆம் ஆண்டில் ஐதராபாத் நகரில் வரப்பிரசாத் ரெட்டி என்ற பொறியியலாளர் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். மஞ்சட்காமாலையை விளைவிக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பு மருந்தை இந்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது அவர் நோக்கம். அப்பொழுது அம்மருந்து வெளிநாட்டிலிருந்தே வந்தது. ஏழைகளால் வாங்க முடியாத விலையில் விற்றது. பணம் தேடி அலைந்த அவருக்கு இறுதியில் கைகொடுத்தது தொலைவில் உள்ள ஓமன் நாட்டிலிருந்து வந்த முதல். 1997இல் மருந்து வெளிவந்தது. விலையும் பெரிதும் இறங்கியது. இந்த வரலாற்றைக் கேட்டு நாம் பெருமைப்படலாம். ஆனால் கூடவே ஒரு கேள்வியும் எழ வேண்டும். ஓமனில் ஒருவர் மனம் இரங்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு நாட்டின் மருந்து, எங்கோ உள்ள ஒருவருடைய பெருந்தன்மையைச் சார்ந்து நிற்கலாமா?

இக்கேள்விக்கு ஒழுங்கான விடை காண முயன்றவர்களுள் முன்னோடிகள் அமெரிக்கர்கள். அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ரோலண்ட் டிபெட்ஸ் என்பவர் 1977ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்குமே சென்றுகொண்டிருந்தது. அதில் ஒரு சிறு பங்கைச் சிறு தொழில்களுக்கு ஒதுக்கினால் என்ன என்பதே அவருடைய எண்ணம். திட்டம் நற்பயன் தந்தது. 1982ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதிபர் ரீகன் கையொப்பமிட அது நாடு முழுமைக்கும் உரிய சட்டமாயிற்று. வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணமாக ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் வழங்கும் ஒவ்வொரு மத்திய அரசுத் துறையும் அதில் ஒரு பகுதியைச் சிறு தொழில்களுக்கென்றே எடுத்து வைக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. முதலாண்டில் அப்பகுதி நூற்றுக்கு 0.2, படிப்படியாக அது 1.25 ஆயிற்று, 1997இல் 2.5, 2017இல் 3.2. ஐந்நூறு பேருக்கு மேற்படாத நிறுவனமே அங்குச் சிறு நிறுவனம் எனப்படும். உயிரியல் தொழில்களுக்கு இப்பணத்தை மிகுதியாக வழங்கியது அந்நாட்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு நிறுவனமே ஆகும்.

பணத்தின் அளவைக் காட்டிலும் அதை அளிக்கும் முறையே நாம் கருதத்தக்கது. டிபெட்ஸ் அதனை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதற்கட்டத்தில் சிறு தொகை. அதைக் கொண்டு விடை காண வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இக்கருத்து நடக்கக்கூடியதா? ஆம் என்ற விடையோடு வருகிறவர்களுக்கு மட்டுமே இரண்டாம் கட்டம். அங்கே தொகை பெரியது, காலமும் நீண்டது, நடக்கக்கூடியது என்று காட்டியதை உருப்படியான பொருளாக ஆக்கிக் காட்ட வேண்டும். 1992ஆம் ஆண்டு வகுத்த வரம்பின்படி முதற்கட்டத்திற்கு ஒரு இலட்சம் டாலர். இரண்டாம் கட்டத்திற்கு ஏழரை இலட்சம் டாலர். மூன்றாம் கட்டம் சந்தை. அதற்கு இத்திட்டத்தின் பணம் கிடையாது. ஆற்றைக் கடக்கப் படகு தருவார்கள். அக்கரையில் நடக்க வேண்டியவர் நாமே.

இம்முறையால் விளைந்தவை அனைத்தும் உலகை வியக்க வைக்கும் கண்டுபிடிப்புகள் அல்ல. ஓர் எளிய எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். சியாட்டில் நகரத்தின் அருகே 1987இல் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம், ஒலி அதிர்வால் பல்லைத் தூய்மை செய்யும் தூரிகை ஒன்றை உருவாக்க முயன்றது. அதன் தொடக்க ஆராய்ச்சிக்கு இந்த மானியம் உதவியது. 1992இல் 'சோனிகேர்' என்ற பெயரில் அத்தூரிகை விற்பனைக்கு வந்தது. 2000இல் பிலிப்ஸ் நிறுவனம் அத்தொழிலை விலைக்கு வாங்கியது. பல் துலக்கும் தூரிகைக்கும் அரசாங்கப் பணமா என்று சிலர் நகைக்கலாம். பல்லையும் ஈறையும் கெடுப்பவை நுண்ணுயிர்கள். அவற்றை அகற்ற ஒரு புதிய வழி பயன்படுமா என்பது உயிரியல் கேள்விதான். அக்கேள்விக்கு விடை காணவே அப்பணம் சென்றது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்திய அரசாங்கம் உயிர்த்தொழில்நுட்பத்திற்கென ஒரு தனித் துறையை 1986இல் அமைத்தது. அத்துறை 2005ஆம் ஆண்டில் சிறு தொழில்களின் புத்தாக்க ஆராய்ச்சிக்கு உதவும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. பின்னர் 2012இல் இப்பணிக்கென்றே 'பைராக்' என்ற அமைப்பு உருவாயிற்று. அது இலாப நோக்கமின்றி நடைபெறும் அரசு நிறுவனம். அவ்வாண்டிலேயே அது தொடங்கிய 'பிக்' என்னும் மானியத் திட்டம், இளைஞர்கள் மிகுதியாக நாடும் திட்டமாக வளர்ந்தது. ஒரு கருத்தை மெய்ப்பித்துக் காட்ட 50 இலட்ச ரூபாய் வரையில், 18 மாத கால அளவிற்கு உதவுவது அதன் அமைப்பு. தொகை முழுவதும் ஒரே நாளில் கைக்கு வந்துவிடுவதில்லை. இன்ன மாதத்தில் இன்ன சோதனை முடிய வேண்டும் என்று முன்னரே எழுதிக்கொண்டு, அவ்வவ்வெல்லையை எட்டிய பின்பே அடுத்த தவணை தரப்படும்.

இப்பணியில் நாட்டின் பல பகுதிகளில் உள்ள அடைகாப்பகங்கள் துணை நிற்கின்றன. முட்டையை அடைகாப்பது போல இளந்தொழிலுக்கு இடமும், கருவியும், அறிவுரையும் தந்து காப்பதால் அவற்றிற்கு அப்பெயர். பெங்களூரின் சி-கேம்ப், ஐதராபாத்தின் ஐ.கே.பி. அறிவுப் பூங்கா, புனேயின் வெஞ்சர் சென்டர் முதலியன அவற்றுள் அடங்கும். நம் சென்னையை அடுத்துத் தரமணியில் டைசல் உயிரியல் பூங்காவும், சிறுசேரியில் மகளிருக்கென்றே அமைந்த உயிரியல் பூங்காவும் உள்ளன. விலையுயர்ந்த நுண்ணோக்கியையும் குளிர்பெட்டியையும் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க இயலாது. பொதுவில் இருந்தால் பலரும் பயன்படுத்தலாம் அன்றோ?

இதுவரை கூறியவை புத்தகத்திலும் அறிக்கையிலும் நீங்களே படித்துக்கொள்ளக் கூடியவை. இனிக் கூறப்போவது என் வாழ்வில் நான் கண்டது. இதில் நான் நாணத்தக்க ஒரு பகுதியும் உண்டு; எனினும் உங்களுக்குப் பயன்படும் என்பதால் மறைக்காமல் கூறுகிறேன்.

என்னிடம் பயின்ற மாணவர் இருவர், ஒருவர் இளைஞர், மற்றவர் இளம்பெண், சேர்ந்து ஒரு சிறு தொழில் தொடங்கினார்கள். இருவரும் திண்டிவனத்துப் பக்கத்தில் நிலக்கடலை பயிரிடும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நிலக்கடலையில் ஈரம் தங்கினால் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கும். அப்பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றிற்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. மனிதரின் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கும் ஆற்றலும் இதற்கு உண்டு. ஆதலின் நாடுகள் இதற்குக் கடுமையான வரம்பு வகுத்திருக்கின்றன. நேராக உண்பதற்குரிய கடலையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இந்நஞ்சு இருத்தலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவைக் கண்ணாலும் நாக்காலும் அறிய முடியாது. ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால் விடை வரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் சந்தையில் ஏலம் முடிந்துவிடும்.

கடலை மண்டியிலேயே சில நிமிடங்களில் விடை தரும் சோதனைத் தாள் ஒன்றைச் செய்வதே அவ்விருவரின் நோக்கம். கடலையை அரைத்து எடுத்த சாற்றில் தாளின் நுனியை நனைத்தால் சாறு மேலேறும். தாளில் இரண்டு கோடுகள் தோன்ற இடம் உண்டு. நஞ்சை இனங்கண்டு பற்றும் புரதம் ஒன்று, நுண்ணிய பொன் துகளோடு பிணைக்கப்பட்டுத் தாளில் காத்திருக்கும். சாற்றில் நஞ்சு இல்லையேல் அப்புரதம் சென்று முதற்கோட்டில் பதிந்து சிவப்பாகத் தெரியும். நஞ்சு இருந்தால் புரதம் அதனைப் பற்றிக்கொண்டுவிடும், முதற்கோடு மங்கும். இரண்டாம் கோடு, தாள் ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு அடையாளம். கருத்து நல்லது, தேவையும் உண்மையானது. அரசு மானியம் ஒன்றிற்கு விண்ணப்பித்தார்கள். முதன்முறை கிடைக்கவில்லை. கேள்வியைக் கூர்மையாக்கி மீண்டும் எழுதினார்கள். இரண்டாம் முறை கிடைத்தது. அவர்கள் எழுதிக்கொடுத்த எல்லைகளுள் ஒன்று, 40 பாகை வெப்பத்தில் ஆறு மாதம் வைத்திருந்தாலும் தாள் கெடாது என்று காட்டுவது.

தாள் கெட்டது. குளிர்பெட்டியில் வைத்தவை ஆறு மாதமும் நன்றாக இருந்தன. வெப்ப அறையில் வைத்தவற்றில் எட்டாவது வாரத்திலிருந்து முதற்கோடு மங்கத் தொடங்கிற்று. அடுத்த தவணைக்கு அறிக்கை எழுத வேண்டிய நாள் நெருங்கியது. அத்தவணை வராவிட்டால் வாடகை கொடுக்க இயலாது. உதவிக்கு வைத்திருந்த இருவரையும் அனுப்பிவிட வேண்டும். அந்த இளைஞர் அறிக்கையோடு என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, குளிர்பெட்டி அட்டவணையை முன்னே வைத்து, வெப்ப அறை அட்டவணை பற்றி 'சோதனை தொடர்கிறது' என்று மட்டும் எழுதலாமா?" என்று கேட்டார்.

நான் அப்பொழுது என்ன கூறினேன் தெரியுமா? "எழுதுவதில் பொய் இல்லையே தம்பி, சோதனை தொடரத்தானே செய்கிறது" என்றேன். இளைஞர்கள் துன்பப்படக் கூடாது என்ற பரிவால் கூறினேன் என்று அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். முப்பது ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம், "கண்டதை எழுது, எதிர்பார்த்ததை எழுதாதே" என்று கூறி வந்தவன் நான்.

அந்த இளம்பெண் ஒப்பவில்லை. மறுநாள் அவரே வந்தார். அமைதியாகப் பேசினார். "ஐயா, இரண்டு கோடுகளுள் மங்குவது முதற்கோடு மட்டுமே. இரண்டாம் கோடு பளிச்சென்றுதான் இருக்கிறது. அப்படியானால் கெட்டுப்போன தாளும் நல்ல தாள் போலவே தோன்றும். நல்ல கடலையையும் நஞ்சுள்ள கடலை என்று கூறும். சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் கிடக்கும் தாளை வைத்து வியாபாரி சோதிப்பார். என் தந்தையின் மூட்டையை ஒதுக்கித் தள்ளுவார்; அல்லது பாதி விலைக்குக் கேட்பார். தாள் சொல்லிவிட்டது என்றால் என் தந்தை யாரிடம் போய் முறையிடுவார்?" என்றார். எனக்கு விடை கூற நா எழவில்லை. அரசாங்கத்தின் பணத்தைக் காப்பாற்றிக்கொள்வது பற்றி நாங்கள் இருவர் எண்ணினோம். அப்பணம் யாருக்காகத் தரப்பட்டதோ அவரைப் பற்றி அவர் ஒருவரே எண்ணினார்.

அறிக்கை உள்ளது உள்ளபடியே சென்றது. வெப்ப அறை அட்டவணை முதற்பக்கத்திலேயே இடம்பெற்றது. தவணை நின்றது. இரண்டு மாதம் அவர்கள் பட்ட இடர் கொஞ்சமன்று. உதவியாளருள் ஒருவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். பின்னர் மதிப்பீட்டுக் குழுவினர் அழைத்து நெடுநேரம் கேள்வி கேட்டார்கள். குழுவில் இருந்த மூத்த அறிஞர் ஒருவர், புரதத்தைச் சர்க்கரைக் கரைசலோடு உலர்த்திப் பார்த்தீர்களா என்று வினவினார். உலர்ந்த சர்க்கரை கண்ணாடி போல் இறுகிப் புரதத்தின் உருக்குலையாமல் காக்கும் என்பது பழைய உண்மையே. எஞ்சிய தொகையை அச்சோதனைக்குச் செலவிட அனுமதி கிடைத்தது. ஈரம் புகாத உறையும், ஈரத்தை உறிஞ்சும் மணிகளும் சேர்ந்து தாளை நான்கு மாதம் காத்தன. ஆறு மாதம் என்று எழுதியிருந்தார்கள். நான்கு மாதமே எட்ட முடிந்தது. அதனையும் அப்படியே எழுதினார்கள். உறையின்மேல் நான்கு மாதக் கெடுவை அச்சிட்டே இன்று விற்கிறார்கள். ஐவர் பணி செய்யும் சிறு கூடம் அது. பெரும்பொருள் ஈட்டிவிடவில்லை. ஆனால் அவர்கள் தாள் கூறும் சொல்லை மண்டியில் நம்புகிறார்கள்.

நண்பர்களே, இந்நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மானியம் என்பது பரிசு அன்று, தருமமும் அன்று. ஒரு கேள்விக்கு விடை காணும்படி நாடு நமக்கு இடும் பணி அது. அவ்விடை 'ஆம்' என்றுதான் இருக்க வேண்டும் என்று நாடு கேட்கவில்லை. 'இல்லை' என்ற விடையும் விலை கொடுத்து வாங்கத்தக்கதே. மற்றொருவர் அதே வழியில் சென்று பணத்தை இழக்காமல் அது காக்கும். பொய்யான 'ஆம்' ஒன்றுதான் யாருக்கும் பயன்படாதது. கடனைத் திருப்பித் தருகிறவன் பணத்தைத் தருகிறான். மானியம் பெற்றவன் திருப்பித் தர வேண்டியது உண்மையை.

இம்மானியங்களைப் பற்றி ஐயங்களும் உண்டு. அவற்றையும் நேர்மையாகக் கூறிவிடுகிறேன். அரசாங்கம் தொழிலில் வெற்றி பெறுவோரைத் தேர்ந்தெடுக்க வல்லதா என்று அறிஞர் சிலர் கேட்கிறார்கள். ஜாஷ் லெர்னர் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மானியம் பெற்ற சிறு நிறுவனங்கள் பத்தாண்டுக் காலத்தில் ஏனையவற்றைவிட மிகுதியாக வளர்ந்தன என்று கண்டார். ஆனால் அவ்வளர்ச்சி, தனியார் முதலும் மிகுந்திருந்த பகுதிகளிலேயே தோன்றிற்று. மீண்டும் மீண்டும் மானியம் பெற்றவை அதனால் மேலும் சிறந்துவிடவும் இல்லை. சப்ரினா ஹாவெல் என்ற அறிஞர், உயிரியலுக்கு அன்றி எரிசக்தித் துறைக்கு வழங்கிய மானியங்களை ஆராய்ந்து 2017இல் எழுதினார். முதற்கட்டச் சிறு தொகை பெற்றவர்களுக்குப் பின்னர்த் தனியார் முதல் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று என்றும், இரண்டாம் கட்டப் பெருந்தொகையால் அத்தகைய பயன் பெரிதாக இல்லை என்றும் அவர் கண்டார். தொடக்கத்தில் தரும் சிறு தொகைக்கே பெரும்பயன் உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

வேறொரு தீமையும் உண்டு. பொருள் செய்து விற்பதை மறந்து, ஒரு மானியம் முடிந்தவுடன் அடுத்ததற்கு விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் எழுந்தன. அமெரிக்கர்கள் அவற்றை மானிய ஆலைகள் என்று எள்ளி நகையாடுவர். அங்கே உற்பத்தியாவது மருந்தன்று, அறிக்கை. நம் நாட்டிலும் அந்நிலை வாராமல் காப்பது அரசாங்கத்தின் கடமை மட்டுமன்று; விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரின் கடமையும் ஆகும்.

இத்துறையில் இறங்க விரும்பும் மாணவர்களுக்குச் சில சொற்கள் கூறி முடிக்கிறேன். முதலாவது, உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில், எண்ணோடு எழுதப் பழகுங்கள். 'கடலை நஞ்சுக்கு நல்ல சோதனை செய்வோம்' என்பது கேள்வியன்று; '40 பாகை வெப்பத்தில் ஆறு மாதம் நிற்குமா?' என்பதே கேள்வி. இரண்டாவது, எது நிகழ்ந்தால் தோல்வி என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள். பின்னால் எழுத முயன்றால் மனம் வழுக்கும். மூன்றாவது, உங்கள் பொருளைப் பயன்படுத்தப் போகிறவரைச் சென்று காணுங்கள். ஆய்வுக்கூடத்தின் குளிர் அறையில் அமர்ந்துகொண்டு மண்டியின் தகரக் கூரையை அறிய முடியாது.

நான்காவது, சட்டத்தைப் படியுங்கள். மனிதரின் நோயைக் கண்டறியும் கருவிகளும் சோதனைப் பொருள்களும் 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மருத்துவக் கருவிகள் விதிகளுக்கு உட்பட்டவை. மரபணு மாற்றிய நுண்ணுயிர்களைக் கையாள்வதற்கு 1989ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. இவற்றைத் தடை என்று எண்ணாதீர்கள். ஊரார் உங்களை நம்புவதற்கு உரிய படிகள் இவை. ஐந்தாவது, முதல் விண்ணப்பம் தள்ளப்பட்டால் மனம் உடையாதீர்கள். தள்ளியவர் எழுதிய குறிப்பைப் பத்து முறை படியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் உங்கள் அடுத்த விண்ணப்பம் இருக்கிறது.

உழவர் குடும்பத்தில் பிறந்தவர்கள் இதனை அறிவார்கள். எவ்வளவு கடுமையான பஞ்சத்திலும் விதை நெல்லைத் தனியே கோட்டை கட்டி வைப்பார்கள். பிள்ளைகள் பசியால் அழுதாலும் அதைத் தொடமாட்டார்கள். அண்டை வீட்டுக்காரனுக்கு விதை இல்லையென்றால் அதிலிருந்து ஒரு மரக்கால் கொடுப்பார்கள். கொடுத்த நெல் விளையாமல் போகலாம். மழை பொய்க்கலாம், பூச்சி விழலாம். அதற்காக அவனை எவரும் குறை கூறமாட்டார்கள். ஆனால் விதைத்தேன் என்று கூறிவிட்டுக் குற்றிச் சமைத்து உண்டான் என்று தெரிந்தால், மறு ஆண்டு அவனுக்கு மட்டுமன்று, அவன் தெருவில் எவருக்குமே கொடுக்கக் கை வராது.

அரசாங்க மானியமும் அத்தகைய விதை நெல்லே. உப்புக்கும் பயணச்சீட்டுக்கும் விலை கொடுக்கும் எளிய மக்கள் எடுத்து வைத்தது அது. அதனைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு, அச்சமின்றிக் கேளுங்கள். பெற்ற பின் நேர்மையாக விதையுங்கள். விளைந்தால் நாட்டுக்கு நல்லது. விளையாவிட்டால், ஏன் விளையவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவையுங்கள். அடுத்து விதைக்க வருகிறவனுக்கு அதுவே நீங்கள் விட்டுச் செல்லும் மரக்கால் நெல்.